ஏழாவது மாதிரி

ஆறு முறை உட்கார வைத்தோம்.
ஆறு முறையும் குப்புற விழுந்தது.

நீளக் கழுத்துக்காரி. இலை தின்னி.
யஷ்வந்தபுரத்தில், டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில்,
பதினேழு அங்குலத்துக்குக் குறுக்கப்பட்டவள்.
தலையைப் பெரிதாக்கு என்றார் ப்ரதீக் ஹெக்டே,
பார்த்ததும் தூக்கத் தோன்ற வேண்டும்.
பெரிதாக்கினேன்.
கண்ணைக் கீழே இறக்கு, இன்னும் தள்ளித் தள்ளி வை.
வைத்தேன்.
பல் வேண்டாம். நகம் வேண்டாம்.
பூமி அதிர நடந்ததற்கான
எந்தத் தடயமும் வேண்டாம்.

சிக்பேட்டில் துணி எடுக்கும்போது
கடைக்காரர் விலை சொல்லச் சொல்ல
நான் கண்ணை மூடி, உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தேன்.
மயிர் எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கம் வால்.
மாற்றி வெட்டினால்
கைக்குத்தான் முதலில் தெரியும்,
அப்புறம்தான் கண்ணுக்கு.
பிஸ்தா பச்சை. மீட்டர் நானூற்று இருபது.
ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மெஹ்ருன்னிசா உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைப்பாள்.
அதுவரை அது எந்த விலங்கும் இல்லை,
வெறும் நூல் பிசிறு.
பிறகு வயிற்றடியில் விட்ட மூன்று விரல் ஓட்டை வழியாக
ஒரு கால், இன்னொரு கால், வால் என்று
இழுத்து இழுத்து எடுப்பாள்.
"தலை மாட்டிக்கிச்சு" என்பாள் ஒவ்வொரு முறையும்,
மூன்று பெற்றவள்.
அந்த நேரத்தில் நாங்கள் யாரும் பேசுவதில்லை.

கண்களுக்கு ஒரு பரீட்சை உண்டு.
பீன்யாவில் ஒரு கூடத்தில்
இடுக்கி ஒன்று கண்ணைப் பிடித்துப் பத்து விநாடி இழுக்கும்.
பிடுங்கிக்கொண்டு வந்தால் தோல்வி.
நான் உள்ளே போகாமல் வெளியே காபி குடிப்பேன்.
நான்காவது மாதிரியிலிருந்து நூலாலேயே கண் போட்டுவிட்டோம்.
பாதுகாப்பு என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

ஆனால் கழுத்து.
பஞ்சை இறுக்கினால் குழாய்.
தளர்த்தினால் தொய்வு.
வாலுக்குள் குருணைப் பை வைத்தோம், எண்பது கிராம்.
உட்கார்ந்தது. பதினொன்று வரை எண்ணினேன்.
யோசித்துப் பார்த்துவிட்டு
மெல்லக் கவிழ்ந்தது.
அலமாரியில் நிற்காததை யார் வாங்குவார்கள் என்றார் ப்ரதீக்.
நியாயம்தான்.
உள்ளே கம்பி வை என்றார்.
பிள்ளை கட்டிக்கொண்டு தூங்குவதற்குள் கம்பியா?
நான் கேட்கவில்லை. மெஹ்ருன்னிசா கேட்டாள்.

ஏழாவதை, பைக்குள் அடங்காததால்,
மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
கொரகுண்டேபாளையாவில் வழக்கம்போல
எல்லாம் நின்றுவிட்டது.
பக்கத்து இருக்கையில் ஒரு பெண்,
கழுத்தில் கார்மெண்ட்ஸ் அடையாள அட்டை,
ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி ஏறிய கறுப்புப் புள்ளி.
தூங்கிக்கொண்டிருந்தாள்.
டிரைவர் பிரேக் போட்டதில்
இவள் கழுத்து சாய்ந்து அவள் தோளில் விழுந்தது.
எடுக்கப் போனேன்.
அதற்குள் தூக்கத்திலேயே அவள் கை எழுந்து
தலையிலிருந்து வால் பக்கமாக,
மயிர் படிகிற திசையில்,
ஒரு தடவை தடவிவிட்டு
அங்கேயே தங்கிவிட்டது.

மூன்று சிக்னல். நான் அசையவில்லை.

தாசரஹள்ளியில் விழித்தாள்.
கூச்சத்தோடு கழுத்தை நிமிர்த்திவிட்டாள்.
அது திரும்பவும் சாய்ந்தது.
"இதக்கூ நித்தெ" என்று சொல்லிவிட்டு
கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இரவு விவரத்தாளைத் திறந்தேன்.
கழுத்துப் பஞ்சு: அறுபதை அடித்து, நாற்பது கிராம்.
உட்காரும் நிலை என்ற கட்டத்தில்
வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை.
பிறகு எழுதினேன்: சாயும்.

காலையில் ப்ரதீக் அதற்கு நேரே
ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார்.
கம்பியைப் பற்றி எதுவும் இல்லை.